உச்சிவெயிலில் தெரிந்த எண்கள்

போன மாதம் முல்லைத்தீவில் இருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஓய்வு பெறும்வரை நான் இருந்த அதே கதிரையில் இப்போது இருப்பவர். வள்ளங்களுக்கு ஜிபிஎஸ் வாங்கக் காசு வந்திருக்கிறதாம். “ஐயா, நீங்கள்தானே இஞ்சை முதன்முதலா இதை எடுத்துக் குடுத்தனீங்கள். எந்தக் கொம்பனியின்ரை திரை நல்லம்?” என்று கேட்டார்.

கொம்பனிப் பெயரைக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறும். “தம்பி, பேரை விடும். அதைப் பன்னிரண்டு மணி வெயிலிலை பிடிச்சுப் பாத்தனீரோ?” என்றேன். இல்லையாம். படம் அனுப்புகிறாராம். படத்தில் எந்தத் திரைதான் பளிச்சென்று இராது? கலியாணப் படத்தில் எல்லா மாப்பிள்ளையும் வடிவுதான். தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதியே கொடுப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கடல் சொந்தமில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிய குடும்பம். படித்தது கணிதம், கிடைத்தது கடற்றொழில் உத்தியோகம். பயிற்சி என்று ஒன்றரை வருடம் மீனின் பெயர்களைப் பாடமாக்கினோம், எஞ்சினைக் கழற்றிப் பூட்டினோம். நீச்சல் பரீட்சையில் நான் மட்டும் தேறவில்லை. பிறகு மன்னார், பூநகரி என்று கடற்கரைக் கந்தோர்களில் மேசைக்குப் பின்னால் இருந்து கொப்பி எழுதியதோடு இருபது வருடம் போனது. போர்நிறுத்தம் வந்தபின் முல்லைத்தீவுக்கு மாற்றினார்கள். நீந்தத் தெரியாத கடற்றொழில் ஐயா என்று கரையில் எனக்குப் பெயர் வைத்தார்கள். பொய்யில்லையே, எப்படிக் கோபிக்கிறது?

சுனாமி வந்து போன பிறகுதான் இந்தக் கதை தொடங்குகிறது. போன உயிர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அதற்குக் கை வராது. தப்பியவர்களுக்குப் புதிய வள்ளம் வந்தது, எஞ்சின் வந்தது, வலை வந்தது. மீன் மட்டும் வரவில்லை. ஏன் என்று போய் விசாரித்தால் எல்லாரும் கரையைக் கை காட்டினார்கள்.

கடலுக்கு அடியில் கல்லும் பவளமும் திரண்டு கிடக்கிற இடத்துக்குப் ‘பார்’ என்று பெயர். நல்ல மீன் அங்கேதான் நிற்கும். நடுக்கடலில் நின்றுகொண்டு அந்தப் பாரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரையைப் பார்த்துத்தான். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கிற பனையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இந்தப் பக்கம் மீனவர் தங்குகிற வாடிக் கூரையும் தண்ணீர்த் தாங்கியும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். இப்போது கோபுரமும் இல்லை, பனையும் இல்லை, வாடியும் இல்லை. கடல் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. முப்பது வருடம் கடலில் நின்றவர்கள் சொந்தப் பாரைத் தேடி அலைந்து, வெறும் மணலில் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இதற்கு ஜிபிஎஸ்தான் வழி என்று நான் கடிதம் எழுதினேன். எழுதியது எங்கள் மேலதிகாரி சறோஜினி மிஸ்ஸுக்கு.

மிஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை. அவா ஒருநாளும் ஒருவரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசினால்கூடத் தாங்கலாம். அவாவிடம் எந்த அறிக்கை போனாலும் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுவா. நான் கண்ணால் பார்த்து எழுதியதென்றால் ‘பா’. ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியதென்றால் ‘கே’. கே கூடினால் அறிக்கை திரும்பி வரும். என்னுடைய முதலாவது அறிக்கை மூன்று தரம் திரும்பி வந்தது. விசர் பிடித்த மனிசி என்று வீட்டில் போய்ச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜிபிஎஸ் கொண்டுவர உதவி நிறுவனம் ஒன்று முன்வந்தது. பன்னிரண்டு கருவிகள், சங்கத்தின் பொதுச்சொத்து. எதை வாங்குவது என்று பார்க்க நான் வவுனியாவுக்குப் போனேன். அங்கே கரீம் நானாவின் கடை. நானா முல்லைத்தீவில் பிறந்தவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் இருந்து, பிறகு வவுனியாவில் றேடியோக் கடை போட்டவர். மூன்று மாதிரிகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

ஒன்று கலர்த் திரை. கடல் நீலம், கரை பச்சை, பார்த்தால் தின்னலாம் போலிருந்தது. இன்னொன்று கொஞ்சம் பெரிது, சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் முன்னால் பூட்டி வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். மூன்றாவது சாம்பல் நிறத் திரையும் கறுப்பு எண்ணுமாகப் பழைய கல்குலேற்றர் மாதிரி இருந்தது. அதை நான் கையால் தொடவே இல்லை.

“நானா, கலர்தான்,” என்றேன்.

“சேர், டியூப் லைற்றுக்குக் கீழை எல்லாம் அழகாத்தான் இருக்கும்,” என்றார் நானா. “எனக்கு வித்தால் காணும். ஆனா அது நம்மட ஊர் கடலுக்குப் போற சாமான். மூண்டையும் கொண்டுபோய் பாத்துட்டு வாங்க.”

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என்னை மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். அனுமதிக் கடிதம் எல்லாம் சரி, அந்தப் பெரிய பெட்டியின் மேல் ஒரு விமானப் படம் இருந்ததுதான் பிழை. “விமானம் எங்கே?” என்று ஒரு சிப்பாய் அரைகுறைத் தமிழில் கேட்டார். “என்னட்டைச் சைக்கிள்தான் இருக்கு, அதுக்கும் பின் சில்லு காத்துப் போட்டுது,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மிஸ் எங்கிருந்தோ தொலைபேசியில் பேசிய பிறகுதான் விட்டார்கள்.

கந்தோருக்கு வந்து கலர்த் திரையைச் சிபாரிசு செய்து அறிக்கை எழுதினேன். மிஸ் வாசித்தா. பென்சிலை எடுத்தா.

“எங்கை வைச்சுப் பாத்தனீங்கள்?”

“கடையிலை, மிஸ்.”

“கடையிலை மீன் நிக்குதோ?”

அடுத்த கேள்வி இன்னும் விசித்திரமாக இருந்தது. “சங்கத்திலை ஆகக் கண் பழுதான ஆள் ஆர்?”

அது செபமாலை அண்ணை. அறுபதை நெருங்கிய மனிதர். வெயிலும் உப்பும் தின்று இரண்டு கண்ணும் சிவந்து கிடக்கும். கடிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துத்தான் வாசிப்பார். ஆனால் அந்தக் கரையில் அவரைப்போல் மீன் கொண்டு வருகிறவர் கிடையாது. மற்றவர்கள் மலிவான சூடை மீன் கொண்டு வருகிற நாளிலும் அவர் வள்ளத்தில் கலவாயும் விளைமீனும் கிடக்கும். எங்கே பிடிக்கிறார் என்று ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நேரே போகவே மாட்டார். வடக்கே போய், கிழக்கே திரும்பி, ஆள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தன் பாருக்குத் திரும்புவார். அங்கே அது மரியாதையான வழக்கம். பார் என்றால் தகப்பன் மகனுக்குச் சொல்கிற சொத்து, பெண்சாதிக்குக்கூடச் சொல்வதில்லை.

பரிசோதனைக்கு மிஸ்ஸும் வள்ளத்தில் ஏறினா. கரையை விட்டுப் பத்து நிமிடத்தில் அவாவுக்குச் சத்தி வந்தது. ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மற்றக் கையால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தா. திரும்புவோமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினா. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எஞ்சினை நிறுத்தச் சொன்னா. வள்ளம் ஆடத் தொடங்கியது.

முறை இதுதான். செபமாலை அண்ணை கருவியை மடியில் வைத்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். நான் எழுத வேண்டும். அவர் மருமகன் றெஜி தனியாக வாசிக்க, அதையும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்தால் சரி. பிறகு கையை நனைத்துக்கொண்டு ஒரு தரம், மீன் சளி பூசிக்கொண்டு ஒரு தரம், வள்ளம் ஓடுகையில் ஒரு தரம்.

கலர்த் திரையை வெயிலில் பிடித்ததும் செபமாலை அண்ணை திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சேர், இதிலை என்ரை மூஞ்சைதான் தெரியுது.”

வாங்கிப் பார்த்தேன். எனக்கு என் மூஞ்சிகூடத் தெரியவில்லை, திரை கறுத்துக் கிடந்தது. “ஐயோ மிஸ், பழுதாப் போச்சு!” என்று கத்தினேன். செபமாலை அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுங்கோ சேர்.” வவுனியாவில் ஆசைப்பட்டு வாங்கிய வெயில் கண்ணாடி. கழற்றினால் திரை இருக்கிறது, போட்டு ஒரு பக்கம் சரித்தால் இல்லை. அப்படியும் ஒரு சங்கதி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மிஸ் சத்தி எடுக்கிற இடைவேளையில் அதையும் எழுதிக்கொண்டா. பக்கத்தில் ‘பா’.

விமானத்துக்குச் செய்த கருவி அற்புதமாகத் தெரிந்தது. செபமாலை அண்ணை கையை நீட்டாமலே கடகடவென்று வாசித்தார். எனக்கு மனம் அதில் விழுந்துவிட்டது. ஆனால் அதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும், வள்ளத்தில் பெரிய பற்றறி வைத்து வயர் இழுக்க வேண்டும். கடைசியில் மிஸ் ஒரு வாளியில் கடல்தண்ணீர் அள்ளி மூன்றையும் உள்ளே போட்டா. ஆளைப் பார்த்தால் பூனை, செய்கிற வேலையைப் பாருங்கள்! அரை மணித்தியாலம் கழித்து எடுத்தோம். விமானக் கருவி ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் செத்துப் போனது. பாவம், மேலே பறக்கிறவர்களின் மடியில் கடல் வந்து விழாதே, அதன் மேல் என்ன பிழை? சாம்பல் நிறக் கருவி ஒன்றும் நடவாதது போல் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. செபமாலை அண்ணை கை நீட்டி வாசித்தார். றெஜியும் வாசித்தார். ஒத்தது. சின்னப் பற்றறி இரண்டு போட்டால் இரண்டு நாள் ஓடியது. பன்னிரண்டும் அதுவே வாங்கினோம். செத்ததைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் போனேன். “கடையிலை சாகாம கடல்லை செத்திச்சே, அதுவரைக்கும் நல்லம்,” என்றார் அந்த நல்ல மனிதர்.

மேலே தெரிகிற எண்ணை மேல் எண் என்றும் கீழே தெரிகிறதைக் கீழ் எண் என்றும் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். பாகை, கலை என்று நான் வகுப்பு எடுத்தது வீண். “மேல் எண்ணிலை ஒண்டு கூடினால் வடக்கை ஒரு கடல் மைல், அவ்வளவுதானே சேர்?” என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். தடவித் தடவிப் பழைய பார்களைக் கண்டுபிடித்தார்கள். மீன் வரத் தொடங்கியது. கரையில் மறுபடியும் சிரிப்புக் கேட்டது. அந்தச் சில மாதம் போல் சந்தோஷமாக நான் உத்தியோகம் பார்த்ததே இல்லை.

கருவிகள் பொதுச்சொத்து என்றபடியால், பின்னேரம் சங்கத்தில் கொடுத்து, விடியப்புறம் வாங்கிப் போக வேண்டும். இன்றைக்கு ஒருவர் கொண்டுபோனது நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும். அதோடு மிஸ் ஒரு விதி போட்டா. வள்ளம் இறக்க முன்னர் எங்கே போகிறோம் என்று மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சங்கக் கட்டிடத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஏதும் நடந்தால் தேடிப் போக வேண்டாமா? நானும் தலையாட்டினேன். முணுமுணுத்துக்கொண்டு எழுதினார்கள். தினமும் பலகை நிறைந்திருப்பதைப் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புரட்டாதி மாதம் ஒருநாள். வழக்கமாகப் பத்து மணிக்குள் திரும்புகிற செபமாலை அண்ணையும் றெஜியும் பதினொன்றரை ஆகியும் வரவில்லை. காலையில் இருந்து கச்சான் காற்று. மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்ற வள்ளத்தை அது வெளியேதான் தள்ளும். அந்தப் பக்கம் போனால் திரும்பி வருகிற பேச்சில்லை. பொழுது படுவதற்குள் பிடிக்க வேண்டும்.

சங்கத் தலைவர் மரியநாயகம் இரண்டு வள்ளங்களைப் பலகையில் இருந்த எண்ணுக்கு அனுப்பினார். ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். “அங்கை ஒண்டுமில்லை. வெறும் மணல். பாரும் இல்லை, பட்டியும் இல்லை.”

கருவி பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் தெரிவு செய்த கருவி. நான் கையெழுத்துப் போட்ட கருவி. ஒரு கண் மங்கின மனிதரையும் கலியாணமாகி ஒரு வருடமான இளம் ஆளையும் நம்பவைத்துக் கடலுக்கு அனுப்பிவிட்டேனா? கையிருப்பில் இருந்த கருவிகளை எல்லாம் எடுத்து வரிசையாக மணலில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே எண்ணைக் காட்டின. ஒன்றும் விளங்கவில்லை.

மிஸ் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, குடையை இறுக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினா. நான் பலகையைக் காட்டி, “இந்த எண்ணுக்குத்தான் போனவை, மிஸ்,” என்றேன்.

“இது நீங்கள் பாத்த எண்ணோ, அவர் சொன்ன எண்ணோ?”

“அவர்... எழுதினது.”

“அப்ப கேட்டதுதான்,” என்றா. பிறகு மரியநாயகத்தின் பக்கம் திரும்பி அதே மெல்லிய குரலில், “தலைவர், உங்கடை எண் சரியோ?” என்று கேட்டா.

மரியநாயகம் ஆறடி ஆள். செபமாலை அண்ணையோடு ஒரு கோயில் திருவிழாவில் தொடங்கிய கோபம், பத்து வருடமாக முகம் பார்த்துப் பேசாதவர். தலையைக் குனிந்து காலால் மணலைக் கிளறினார். “இல்லை, மிஸ்.”

“எவ்வளவு பிழை?”

“எனக்கு நாலு பிள்ளையள். மேல் எண்ணிலை நாலைக் கூட்டி எழுதுறனான்.”

“எனக்கு ரெண்டு,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். “நான் கீழ் எண்ணிலை கழிக்கிறனான்,” என்றார் இன்னொருவர். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் சொன்னார்கள். பலகை முழுக்கப் பொய்! பாரை மறைக்க வளைந்து வளைந்து வள்ளம் ஓட்டிய மனிதர்கள், எண்ணையும் அதேபோல் வளைத்து எழுதியிருக்கிறார்கள். கருவியிலும் அப்படியே பொய்யைத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள், நாளைக்கு அது வேறொருவர் கைக்குப் போகுமே. மூன்று மாதமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பலகையைப் பார்த்த மடையன் நான். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

செபமாலை அண்ணை எதைக் கூட்டினார், எதைக் கழித்தார்? அவர் மனைவி பிலோமினா அக்கா மகளின் தோளைப் பிடித்தபடி அங்கேதான் நின்றா. கேட்டோம்.

“எனக்கென்னண்டு தெரியும்? கலியாணம் முடிச்சு இருபத்தெட்டு வருசம். கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லுவார், பார் எங்கையெண்டு சொல்லார். நித்திரையிலை புலம்பினாலும் அதை மட்டும் சொல்லார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்களைப் பார்த்து நிமிர்ந்தா. “ஆனா ஒண்டு. அவர் ஒருநாளும் மற்றவையின்ரை பாரிலை வலை போட்ட மனிசனில்லை. நீங்கள் எல்லாரும் உங்கடை பாரைச் சொல்லுங்கோ. நீங்கள் ஒருத்தரும் போகாத இடத்திலைதான் அவர் நிக்கிறார்.”

அவா கேட்டது என்னவென்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து சந்தியில் வையுங்கள் என்பது போல. ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னால் சொன்னதுதான், திருப்பி விழுங்க முடியாது. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவா உத்தரவு போடவில்லை. குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்றா, அவ்வளவுதான்.

மரியநாயகம் தான் முதலில் போனார். தோளில் கிடந்த துவாயால் தன் பொய் எண்ணைத் துடைத்தார். சோக்கட்டியை எடுத்து, வேறு எண் எழுதினார். “இது அப்பு எனக்குச் சொன்ன பார்,” என்றார். கீழே இன்னொன்றை எழுதினார். “இது நான் தேடிக் கண்டுபிடிச்சது.” பிறகு சோக்கட்டியை அடுத்தவரிடம் நீட்டினார். அடுத்தவர் வாங்கினார். அவருக்கு அடுத்தவரும் வாங்கினார். ஒரு இளம் ஆள் எழுதி முடித்ததும் அழுதே விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை கணக்கு. ஈர மணலில் துடுப்பால் கட்டம் கீறினேன். குறுக்கே மேல் எண், நெடுக்கே கீழ் எண். ஒவ்வொரு பாருக்கும் ஒரு சிப்பி. இருபது சிப்பிக்கு மேல் வைத்து முடித்தபோது இரண்டு இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒன்று ஆற்றுவாய்க்கு நேரே, சேற்றுத் தரை, அங்கே கலவாய் நிற்காது. மற்றது தென்கிழக்கில். அங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்துப் பாரை எழுதியவர், இரண்டு கையையும் விரித்து அளக்கிற பாகக் கணக்கில் பதினேழு, பதினெட்டுப் பாகம் இருக்கும் என்றார். பிலோமினா அக்கா சடாரென்று, “போன கிழமை நங்கூரத்துக்குப் புதுக்கயிறு வெட்டினவர். நான்தான் கையாலை அளந்து குடுத்தனான். முப்பது பாகம். ஆழத்துக்கு மேலை பன்னிரண்டு பாகம் விடுறதுதான் அவரின்ரை கணக்கு,” என்றா. முப்பதில் பன்னிரண்டு போனால் பதினெட்டு.

ஐந்து வள்ளங்கள் இறங்கின. நானும் ஏறினேன். “நீந்தத் தெரியாதே சேர்,” என்றார் மரியநாயகம். “எண் வாசிக்கத் தெரியும்,” என்றேன். வள்ளத்துக்கு வள்ளம் அரை மைல் இடைவெளி. ஒவ்வொருவரும் தம் கீழ் எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்க வேண்டும். ஒருவர் விலகினால் நடுவில் ஓட்டை விழும். இரண்டு மணி வெயில், கடல் முழுக்கக் கண்ணாடித் துண்டு கொட்டியது போல் கூசியது. அலை அடித்து முகமெல்லாம் உப்பு. உப்புப் படிந்த வெயில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். மடியில் அந்தச் சாம்பல் நிறக் கருவி, உப்புத் தண்ணீர் வழிய வழிய, கறுப்பு எண்ணைக் காட்டியது. கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கும் தெரிந்தது. நான் வாசித்தேன், மரியநாயகம் சுக்கான் பிடித்தார். வேறு கதை இல்லை.

மூன்றாவது வள்ளத்தில் இருந்து கை உயர்ந்தது. தூரத்தில் ஒரு துடுப்பு, அதன் நுனியில் கொடி மாதிரி ஒரு சேட்டு.

கிட்டப் போனோம். எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்த எண்ணெய் போய் நின்றுவிட்டதாம். றெஜியின் உதடு வெடித்திருந்தது. நங்கூரக் கயிறு பாறையில் உரசி உரசி இரண்டு புரி அறுந்து, ஒற்றைப் புரியில் வள்ளம் நின்றது. எனக்குக் கை கூப்பத்தான் வந்தது. செபமாலை அண்ணை எங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“ஆர் உங்களுக்கு இந்த இடத்தைச் சொன்னது?”

கோபத்தோடு கேட்டார், மனிதர்! செத்துப் பிழைத்திருக்கிறார், கேட்கிற கேள்வியைப் பாருங்கள். மரியநாயகம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான்தான் சொன்னேன். “ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. எல்லாரும் தங்கடை பாரைப் பலகையிலை எழுதிப்போட்டினம். மிச்சமாக் கிடந்த இடத்துக்கு வந்தனாங்கள்.”

“எல்லாருமோ?”

“எல்லாரும். தலைவர்தான் முதல்.”

செபமாலை அண்ணை போத்தலை வாங்கினார். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். என் மடியில் கிடந்த கருவியில் நான் அந்த இடத்து எண்ணைப் பார்த்துக்கொண்டேன், உத்தியோகப் புத்தி போகாதே.

அன்று பின்னேரம் மிஸ் ஈரத்துணியால் பலகையைத் தானே துடைத்தா. மணலில் கிடந்த சிப்பிகளைக் காலால் கலைத்தா. “ஒருத்தரும் கொப்பியிலை எழுதேல்லைத்தானே?” என்று கேட்டா. இல்லை என்றார்கள். தலைக்குள் எழுதியதைப் பற்றி அவா கேட்கவில்லை. பிறகு, “என்ரை விதி பிழை,” என்றா. முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரி வாயால் அதைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். பிஸ்கற் ரின் ஒன்று கொண்டுவரச் சொன்னா. இனிப் பலகை இல்லை. ஒவ்வொருவரும் உண்மையான எண்ணைக் கடதாசியில் எழுதி, மடித்து, ரின்னுக்குள் போட வேண்டும். திரும்பி வந்ததும் தம் கடதாசியைத் தாமே எடுத்துக் கிழிக்கலாம். மத்தியானத்துக்குள் வராவிட்டால் மட்டும் தலைவரும் அந்த வீட்டுக்காரரும் சேர்ந்து திறக்க வேண்டும். எல்லாரும் உடனே சம்மதித்தார்கள். எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அதன்பிறகு அங்கே ஓடிய காலம் நீளமில்லை. அடுத்த வருடம் சண்டை தொடங்கிவிட்டது, பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓடிய காலம் முழுக்க அந்த ரின்னுக்குள் ஒரு பொய் எண்கூட விழவில்லை. எப்படித் தெரியும் என்றால், மூன்று தரம் திறக்க வேண்டி வந்தது. மூன்று தரமும் போன இடத்தில் ஆள் இருந்தார்.

சொல்ல வந்தது செபமாலை அண்ணை ரின்னுக்கு எண் எழுத வந்த முதல் காலையைத்தான். மூன்றாம் நாள் எஞ்சினைத் திருத்திக்கொண்டு செபமாலை அண்ணை வந்தார். கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. மேசையில் ரின், பக்கத்தில் நான், சுற்றிவரப் பதினைந்து இருபது பேர். மற்றவர்கள் கடதாசியை எட்டாக மடித்துப் போட்டுவிட்டு நின்றார்கள். செபமாலை அண்ணை கடதாசியைக் கண்ணுக்குத் தூரப் பிடித்து, இலக்கம் இலக்கமாகப் பெரிதாக எழுதினார். மடிக்கவில்லை. ரின்னுக்குள் போடவும் இல்லை. எல்லார் கண்ணுக்கும் படும்படி, எழுதிய பக்கம் மேலே வர, மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் பார்த்தேன். அவரைக் கண்டுபிடித்த அன்று நானே அங்கே வாசித்த அதே எண், ஒரு புள்ளி பிழையில்லை.

வேறு ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மரியநாயகம் மட்டும் மேசைக்குக் கிட்ட வந்தார். கண்ணைச் செபமாலை அண்ணையின் முகத்தில் வைத்தபடி, கையால் தடவித் தடவி அந்தக் கடதாசியை எடுத்து, இரண்டாக மடித்து, நாலாக மடித்து, ரின்னுக்குள் போட்டு மூடினார்.

“நேரமாச்சு அண்ணை, வாருங்கோ,” என்றார். இரண்டு பேரும் வள்ளம் தள்ளப் போனார்கள்.